மிளகுப் பணியாரம் செய்யும் சிற்றூர்

ஓர் ஊர் எதனால் வாழ்கிறது? வளமான வயல் இருந்தால் உழவினால் வாழும். கடற்கரை இருந்தால் மீன்பிடியினாலும் கப்பல் வாணிகத்தாலும் வாழும். நிலத்தடியிலே இரும்போ நிலக்கரியோ இருந்தால் அதனைத் தோண்டியெடுத்து வாழும். இவற்றுள் ஒன்றும் இல்லாத ஊர் எவ்வாறு வாழும்? இவ்வினாவுக்கு விடையாக, ஜேர்மனியின் கிழக்குப் பகுதியிலுள்ள ஒரு சிறு நகராட்சியின் கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவ்வூரின் பெயர் புல்ஸ்நிட்ஸ். அங்கே வாழும் மக்கள் ஏறத்தாழ 7,500 பேர். உலகப் படத்திலே அதனைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. எனினும், கறுவாப் பட்டையின் மணமும், அவுரி நீலத்தின் நிறமும், தமிழ் அச்செழுத்தின் வரலாறும் அச்சிற்றூரிலே ஒன்றுகூடுகின்றன. ஆதலின், தொலைவிலுள்ள ஊராயினும் அது நமக்கு முற்றிலும் அந்நியமான ஊரன்று.

முதலில் அது இருக்கும் இடத்தைக் காண்போம். ஜேர்மனியின் கிழக்கு ஓரத்திலே, போலந்து நாட்டையும் செக் நாட்டையும் அடுத்து அமைந்திருப்பது சக்சனி மாநிலம். அதன் தலைநகராகிய ட்ரெஸ்டன் எல்பே ஆற்றங்கரையில் உள்ளது. ட்ரெஸ்டனிலிருந்து வடகிழக்குத் திசையாக ஏறத்தாழ 25 கிலோமீற்றர் சென்றால் தாழ்ந்த குன்றுகளும் காடுகளும் நிறைந்த நிலம் தொடங்குகிறது. இதற்கு மேல் லௌசிட்ஸ் என்று பெயர். இந்நிலத்தின் மேற்கு வாயிலிலே, புல்ஸ்நிட்ஸ் என்னும் பெயருடைய சிறிய ஆற்றின் கரையில், அதே பெயருடன் இவ்வூர் அமைந்திருக்கிறது. அருகிலுள்ள உயர்ந்த குன்றாகிய ஸ்வேடன்ஸ்டைன் 420 மீற்றர் உயரமே உடையது. நம் மலைநாட்டைக் கண்டவர்கள் அதனை மலையென்று சொல்லத் தயங்குவார்கள்.

இந்நிலத்தின் அடியிலே கருங்கல் படர்ந்து கிடக்கிறது. அக்கல்லை வெட்டியெடுத்து வீடு கட்டலாம், வீதி பாவலாம். ஆயின் அதன் மேற் கிடக்கும் மண்ணை நம்பிப் பெருங் குடும்பம் பிழைப்பது கடினம். குளிர்காலமோ நீண்டது. கம்பும் சோளமும் விளையாத அக்குளிர் நாட்டிலே றை என்னும் தானியமும், உருளைக்கிழங்கும், சணலைப் போன்ற ஆளியும் விளையும். ஆளியின் நாரிலிருந்து லினன் துணி நெய்யலாம். ஆகவே நிலத்தால் மட்டும் வயிறு நிறையாத குடியானவர்கள் குளிர்கால மாதங்களில் வீட்டினுள்ளே தறியின் முன் அமர்ந்தனர். இந்நாட்டின் பொருளாதாரம் அங்ஙனம் வயலிலே பாதியும் தறியிலே பாதியுமாகத் தோன்றியது.

ஊரின் பெயரிலேயே ஒரு வரலாறு உண்டு. 'இட்ஸ்' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் அப்பகுதியில் மிகுதி. இவை ஜேர்மன் மொழிச் சொற்கள் அல்ல. ஸ்லாவிய மொழிவழி வந்தவை. ஜேர்மானியர் கிழக்கு நோக்கிக் குடியேறுவதற்கு முன்னரே சோர்பியர் என்னும் ஸ்லாவிய மக்கள் அங்கு வாழ்ந்தனர். இன்றும் லௌசிட்ஸ் நாட்டிலே அச்சிறுபான்மை மக்கள் தம் மொழியைப் பேணி வாழ்கின்றனர். அவர்கள் தம் மொழியில் இவ்வூருக்கு வேறோர் உச்சரிப்புடைய பெயரும் வைத்திருக்கின்றனர்.

ஏடுகளில் புல்ஸ்நிட்ஸ் என்னும் பெயர் முதன்முதலாகக் காணப்படுவது 1225ஆம் ஆண்டில். 1375இல் அது சந்தை கூட்டும் உரிமை பெற்ற பட்டினமாயிற்று. அக்காலத்திலே ஊரின் அருகே ஓடும் அந்தச் சிற்றாறு ஓர் அரசியல் எல்லை. ஆற்றின் மேற்குக் கரை மைசன் ஆட்சிக்கு உரியது. கிழக்குக் கரை பொஹீமிய முடிக்குக் கீழ்ப்பட்ட மேல் லௌசிட்ஸைச் சேர்ந்தது. பாலம் ஒன்றைக் கடந்தால் வேறோர் அரசு, வேறொரு சட்டம். 1635இல் செய்யப்பட்ட பிராக் உடன்படிக்கையினால் லௌசிட்ஸ் நாடு சக்சனியின் கைக்கு மாறியது. நெப்போலியன் தோற்ற பின் 1815இல் அந்நாட்டின் வடபாதி பிரஷ்யாவுக்குப் போயிற்று. புல்ஸ்நிட்ஸ் சக்சனியிலேயே நின்றது. எல்லையோர ஊர்களுக்கு அரசர்கள் மாறுவது புதிதன்று. அரசர் மாறினாலும் கையிலுள்ள தொழில் மாறாதிருந்தால் ஊர் நிலைக்கும் என்பதை அவ்வூரார் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

அத்தொழில்களுள் சிறப்புடையது 1558ஆம் ஆண்டில் வேர் கொண்டது. அவ்வாண்டிலே மிளகுப் பணியாரம் சுடும் உரிமை புல்ஸ்நிட்ஸ் ரொட்டிக்காரருக்கு வழங்கப்பட்டது. இதனை உரிமை என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அக்காலத்து ஐரோப்பாவில் விரும்பியவர் விரும்பிய தொழிலைச் செய்ய இயலாது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம். ஒவ்வொரு சங்கத்துக்கும் சாசனம். எந்த ஊரார் எதனைச் சுடலாம், எங்கே விற்கலாம் என்பதெல்லாம் எழுத்தில் வகுக்கப்பட்டிருந்தன. ஆதலின் அந்த உரிமை ஓர் ஊருக்கு நிலம் கிடைத்தது போன்றது.

'மிளகுப் பணியாரம்' என்றதும், உறைப்பான பண்டம் என்று நீங்கள் எண்ணக்கூடும். அது இனிப்புப் பண்டமே. இடைக்கால ஜேர்மானியர் கீழ்நாட்டிலிருந்து வந்த வாசனைப் பொருள்கள் அனைத்தையும் 'மிளகு' என்ற ஒரே சொல்லால் அழைத்தனர். கறுவா, கராம்பு, ஏலம், சாதிக்காய், இஞ்சி யாவும் அவர்களுக்கு மிளகுதான். அவை சேர்ந்த பணியாரம் மிளகுப் பணியாரம் எனப்பட்டது. மிளகுக்கு அங்கு இருந்த மதிப்பு அத்தகையது: ஒன்றின் பெயர் எல்லாவற்றுக்கும் பெயராயிற்று.

இதனைச் செய்யும் முறை கவனிக்கத்தக்கது. கோதுமை மாவையும் றை மாவையும் தேனுடனோ சர்க்கரைப் பாகுடனோ சேர்த்துப் பிசைவர். வெண்ணெயோ, முட்டையோ, பாலோ அந்த மூலமாவிற் சேர்ப்பதில்லை. கெட்டுப்போவதற்கு உரிய பொருள் எதுவும் அதில் இல்லாமையால் நெடுநாள் வைத்திருக்கலாம். உண்மையில் வைத்திருந்தே ஆக வேண்டும். பிசைந்த மா குளிர்ந்த அறையிலே வாரக்கணக்கிலும், சிலவேளை மாதக்கணக்கிலும் கிடந்து முதிர்கிறது. முதிர்ந்து கல்போல் இறுகிய மாவை மீண்டும் பக்குவமாகப் பிசைந்து, வாசனைப் பொருள்களையும் அதனைப் பொங்கச் செய்யும் உப்புகளையும் அப்பொழுதுதான் சேர்த்துச் சுடுவர். எவ்வளவு காலம் முதிர விடுவது, எந்த வாசனையை எந்த அளவிற் சேர்ப்பது என்பவை ஒவ்வொரு குடும்பத்தின் மறைபொருள். இத்தொழிலைச் செய்பவர் அங்கே ரொட்டிக்காரருமல்லர், மிட்டாய்க்காரருமல்லர். அவர் தனித்தொழிலாளர், அவருக்குத் தனிப் பெயரும் தனிப் பயிற்சியும் உண்டு.

தேன் உள்நாட்டிலே கிடைத்தது. லௌசிட்ஸின் காடுகளிலே தேனீ வளர்ப்பு பழைய தொழில். அக்காலத்திலே ஐரோப்பாவில் சர்க்கரை செல்வர் வீட்டுப் பொருள். ஏழைக்குத் தேனே இனிப்பு. பீற்றூட் கிழங்கிற் சர்க்கரை உண்டென்பதை பெர்லினில் மார்க்கிராவ் என்னும் அறிஞர் 1747இலே கண்டறிந்தார்; அது ஆலைத் தொழிலாகி மலிந்தது 19ஆம் நூற்றாண்டிலே. ஆயின், கறுவாவும் கராம்பும் எங்கிருந்து வந்தன? இங்கேதான் நம் நாடு இக்கதையுள் நுழைகிறது.

1558இல், புல்ஸ்நிட்ஸ் அவ்வுரிமையைப் பெற்ற வேளையிலே, இலங்கையின் கறுவா வாணிகம் போர்த்துக்கேயர் கையில் இருந்தது. 1656இல் கொழும்புக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. அதன் பின் 1796 வரை கறுவா அவர்களுடைய தனியுரிமை. ஐரோப்பாவில் உயர்ந்த கறுவா எனப்பட்டது பெரும்பாலும் இலங்கைக் கறுவாவே. கறுவா உரிப்போர் காட்டிலே பட்டை உரித்தனர். அது கட்டுக்கட்டாகக் கப்பலேறி ஆம்ஸ்ரடாம் சென்றது. அங்கே ஏலத்தில் விற்கப்பட்டது. அங்கிருந்து ஐரோப்பாவின் உள்நாட்டுச் சந்தைகளுக்குப் பரவியது. சக்சனி நாட்டவருக்குப் பெருஞ்சந்தை லைப்சிக் நகரம். 1497இலே பேரரசரின் சாசனம் பெற்ற அந்நகரச் சந்தைகளிலே கீழ்நாட்டுச் சரக்கும் மேல்நாட்டுச் சரக்கும் கைமாறின. கடலையே காணாத புல்ஸ்நிட்ஸ் ரொட்டிக்காரர் கையில் உலகின் மறுகோடியிலிருந்து வந்த பட்டை இவ்வாறு சேர்ந்தது. அதனைத் தம் மாவிலே கலந்து, தம் ஊர்ப் பெயரையிட்டு, ட்ரெஸ்டன் முதலிய நகரங்களின் சந்தைகளிலே விற்றார்கள்.

இரண்டாவது தொழில் துணிக்குச் சாயமிடுவது. அதன் கதையும் இதனை ஒத்தது. பழங்காலத்து ஐரோப்பியர் நீலநிறத்துக்கு வோட் என்னும் செடியை நம்பியிருந்தனர். மேல் லௌசிட்ஸின் பெரிய நகரமாகிய கேர்லிட்ஸ் அச்சாய வாணிகத்தாற் செழித்தது. பின்னர் இந்தியாவிலிருந்து அவுரி நீலம் வந்தது. அதன் நிறம் ஆழமானது, சிறிதளவே போதும். வோட் விளைவித்தவரும் விற்றவரும் அஞ்சினர். துணியை அரிக்கும் கெட்ட சாயம் என்று பழி கூறி 1577இல் பேரரசின் சட்டத்தினால் அதற்குத் தடையும் பெற்றனர். தடைகள் நிலைக்கவில்லை. நல்ல நிறத்தை நெடுங்காலம் யாராலும் தடுத்து வைக்க இயலாது.

அவுரியுடன் ஒரு நுட்பமும் வந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து ஒல்லாந்தர் முதலியோர் கொண்டுசென்ற பூவேலைத் துணிகள் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியரின் கண்ணைக் கவர்ந்தன. நிறம் ஏறக்கூடாத இடத்தை மெழுகினால் மூடிவிட்டுச் சாயத்தில் அமிழ்த்தும் முறையை அத்துணிகளிலே அவர்கள் கண்டனர். வோட் சாயத்துக்குச் சூடான தொட்டி வேண்டும். சூட்டிலே மெழுகு கரைந்துவிடும். அவுரிக்கோ குளிர்ந்த தொட்டி போதும். ஆதலின் அவுரி வந்த பின்னரே அவ்வித வேலை அங்கே இயலுவதாயிற்று. மெழுகுக்குப் பதிலாகக் களிமண்ணும் பிசினும் சேர்ந்த ஒரு பசையை மர அச்சினால் லினன் துணியிற் பதித்து, நீலத் தொட்டியில் இறக்குவர். வெளியே எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும்; காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாக மாறும். பலமுறை அமிழ்த்திய பின் பசையைக் கழுவினால் நீல வெளியிலே வெண்பூக்கள் தோன்றும். குடியானவப் பெண்களின் பாவாடையும் முன்றானைத் துணியும் மேசை விரிப்பும் இவ்வேலையால் அழகுபெற்றன. புல்ஸ்நிட்ஸில் இத்தொழிற்சாலை ஒன்று பழைய மர அச்சுகளைக் கொண்டு இன்றும் இயங்குகிறது. 2018இல் யுனெஸ்கோ நிறுவனம் ஜேர்மனி உட்பட ஐந்து நாடுகளின் இந்நீல அச்சுக்கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவுசெய்தது.

கீழ்நாட்டிலிருந்து இவ்வளவும் பெற்ற ஊர் கீழ்நாட்டுக்கு என்ன அனுப்பியது? ஒரு மனிதரை அனுப்பியது. 1682ஆம் ஆண்டு யூலை 10ஆம் நாள் அவ்வூரிலே தானிய வணிகர் ஒருவருக்குப் பிறந்தவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தவர். உடல் நலம் குன்றியவர். அண்மையிலுள்ள காமென்ஸ் ஊரிலும், பின்னர் கேர்லிட்ஸிலும், ஹாலே பல்கலைக்கழகத்திலும் பயின்றார். டென்மார்க் மன்னரின் ஆதரவில் சமயத் தொண்டராகப் புறப்பட்டு, ஏழு மாதத்துக்கு மேற்பட்ட கடற்பயணத்தின் பின் 1706 யூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அங்கே மணலில் விரலால் எழுதப் பழகும் சிறுவர்களுடன் தாமும் அமர்ந்து தமிழ் எழுத்தைக் கற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1708இல் தாம் சேர்த்த தமிழ் ஏடுகளுக்கு விளக்கத்துடன் ஒரு பட்டியல் தொகுத்தார். அச்சகம் நிறுவி 1714, 1715ஆம் ஆண்டுகளிற் புதிய ஏற்பாட்டைத் தமிழிலே அச்சிட்டார். 1716இல் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சாயிற்று. தரங்கம்பாடியின் டேனிய ஆளுநராலே சில மாதங்கள் சிறையிலும் வைக்கப்பட்டார். 1719 பெப்ரவரி 23இல், 36 வயதில், அங்கேயே மறைந்தார். அவருடைய சமய நோக்கத்தைப் பற்றி எவர் எக்கருத்து உடையவராயினும், தமிழ் அச்சு வரலாற்றிலே புல்ஸ்நிட்ஸில் பிறந்த அம்மனிதருக்குரிய இடத்தை மறுப்பதற்கில்லை.

வறிய மண்ணிலே பிறந்த அறிஞர் அவர் ஒருவரே அல்லர். 1804இல் அதே ஊரிலே கையுறை தைப்பவர் ஒருவரின் மகனாக ஏர்ன்ஸ்ட் ரீட்சல் பிறந்தார். வைமார் நகரில் கேதே, ஷில்லர் என்னும் இரு பெருங் கவிஞரும் அருகருகே நிற்கும் புகழ்பெற்ற சிலையை, 1857இல் திறந்துவைக்கப்பட்ட அச்சிலையை, வடித்தவர் அவரே. அண்டையூராகிய காமென்ஸ் நாடகாசிரியர் லெசிங் பிறந்த இடம். ராமனவ் சிற்றூர் மெய்யியலாளர் ஃபிக்டே பிறந்த இடம்.

19ஆம் நூற்றாண்டிலே இயந்திரம் வந்தது. 1871இல் புகைவண்டிப் பாதை ஊரைத் தொட்டது. கைத்தறிகள் இருந்த இடத்தில் ஆலைகள் எழுந்தன. அருகிலுள்ள குரோஸ்றேர்ஸ்டோர்வ் பட்டினமும் புல்ஸ்நிட்ஸும் நாடா நெசவிலே பெயர்பெற்றன. அதே நூற்றாண்டின் இறுதியில், 1897இல், ஜேர்மன் இரசாயன ஆலை ஒன்று செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவின் அவுரித் தோட்டங்கள் சில ஆண்டுகளிலே வீழ்ச்சியுற்றன. மூலப்பொருள் தம்மிடம் உண்டு என்று நம்பியிருந்த நிலம் வறண்டது. அதனைக் கையாளும் அறிவைத் தேடியவரின் நாடு வளர்ந்தது. இதனை நாம் மறத்தல் கூடாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1949இல் கிழக்கு ஜேர்மனி தனி நாடாயிற்று. தொழில்கள் படிப்படியாக அரசுடைமையாயின. 1972இல் எஞ்சிய நடுத்தர ஆலைகளும் அரசின் கைக்குப் போயின. சிறு கைத்தொழிலாளரோ ஓரளவு தப்பினர். மிளகுப் பணியாரக் குடும்பங்கள் தம் அடுப்புகளைத் தாமே வைத்திருந்தன. ஆயின் அந்நியச் செலாவணி அரிதாகிய அந்நாட்டிலே வாதுமையும் சொக்கலேற்றும் வாசனைப் பொருளும் எளிதிற் கிடைப்பனவாக இல்லை. ஆகவே பணியாரமும் தேடித் திரிந்து வாங்கும் பண்டமாயிற்று.

1990 ஒக்டோபர் 3இல் இரு ஜேர்மனிகளும் ஒன்றாயின. அந்த மகிழ்ச்சியினுள்ளே ஓர் இழப்பும் இருந்தது. மேற்கு நாட்டு நாணயம் வந்ததும் கிழக்கின் ஆலைப் பொருள்களுக்குச் சந்தை இல்லாது போயிற்று. லௌசிட்ஸின் துணியாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக நெய்தவர்கள் வேலையிழந்தனர். இளைஞர் பலர் மேற்கு நோக்கிச் சென்றனர். பேராலைகள் வீழ்ந்த அவ்வேளையிலே நின்று நிலைத்தது சிறிய மிளகுப் பணியார அடுப்பே.

அது ஏன் நிலைத்தது? நாடாவை நெய்யும் இயந்திரத்தை எந்த நாட்டிலும் நிறுவலாம். மலிந்த கூலி எங்கே உண்டோ அங்கே ஆலை போய்விடும். மாதக்கணக்கில் மாவை முதிரவிட்டு, கையால் தொட்டு அதன் பக்குவத்தை உணரும் அறிவு அத்துணை எளிதில் இடம்பெயர்வதில்லை. அது ஒருவரோடு ஒருவர் நின்று பழகிய பின்பே கைவரும். அந்த ஊரார் தம் தொழிலுக்குரிய பொருள் பலவற்றையும் எக்காலத்திலும் வெளியிலிருந்தே பெற்றனர். ஆதலின் பொருளை நம்பி அவர்கள் இருந்ததில்லை. தம் கைத்திறனையும், அதனைச் சிறுவருக்குக் கற்பிக்கும் ஒழுங்கையுமே நம்பினர்.

இன்று புல்ஸ்நிட்ஸில் ஒரு சில குடும்பத் தொழிலகங்களும், ஓர் ஆலையும் மிளகுப் பணியாரம் செய்கின்றன. அதற்கென ஒரு காட்சிச்சாலை உண்டு. ஆண்டுதோறும் நவம்பரிலே ஒரு சந்தை கூடுகிறது. பழைய மாளிகை நரம்பு நோயுற்றோருக்கு மறுவாழ்வளிக்கும் மருத்துவமனையாயிற்று. பலர் காலையிலே புகைவண்டி ஏறி ட்ரெஸ்டனுக்கு வேலைக்குப் போய் மாலையிலே திரும்புகின்றனர். கவலையும் இல்லாமலில்லை. விடியுமுன் எழுந்து அடுப்பின் முன் நிற்கும் தொழிலை ஏற்க அடுத்த தலைமுறையில் எத்தனை பேர் முன்வருவர் என்பதே சிறுதொழில் எங்கும் எதிர்நோக்கும் வினா. ஐந்நூறு ஆண்டை நெருங்கும் ஒரு கலை, கற்க வருபவர் இல்லாவிடின் ஒரே தலைமுறையில் மறைந்துவிடும்.

நேயர்களே, இக்கதையை நான் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. கறுவாவை விளைவித்தது நம் நாடு. அதனைக் கொண்டு பணியாரம் செய்து, ஊருக்குப் பெயரும் மக்களுக்குப் பிழைப்பும் தேடிக்கொண்டது கறுவா மரத்தைக் கண்டறியாத ஓர் ஊர். இதில் அவர்கள்மேற் குறை கூற ஒன்றுமில்லை. கூலிக்கு உரித்த பட்டையைக் கட்டாகவே ஏற்றிவிட்டு, அதன் மேற் செய்யத்தக்க வேலையைப் பிறருக்கு விட்ட நிலை, அந்நியர் ஆட்சியிலே நம்மேற் சுமத்தப்பட்டது. அந்த ஆட்சி நீங்கி நெடுங்காலமாயிற்று. நம் ஊர்களிலும் பனையோலை பின்னுவோரும், களிமண் வனைவோரும், பலகாரம் செய்வோரும் இருக்கின்றனர். அவர்களுடைய கைத்திறனுக்கு ஊரின் பெயரை இட்டு, சிறுவருக்கு அதனை ஒழுங்காகக் கற்பித்தால், 7,500 பேர் வாழும் ஒரு சிற்றூர் செய்ததை நம்மாலும் செய்யமுடியும்.